அண்ணன் கையெழுத்திடாத விமானம்

அண்ணனின் இந்த முதலாண்டு நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களே, அண்ணனைப் பற்றி உருக்கமாக எழுதச் சொன்னார்கள் அண்ணி. எனக்குப் பயந்துபோய் எழுதத்தான் வரும்.

அண்ணன் பிறந்தது விளாத்திகுளம் பக்கத்தில், வத்தல் காயும் களத்தை ஒட்டிய வீட்டில். கோவில்பட்டியில் படித்து, சென்னை விமான நிலையத்தில் பராமரிப்புப் பொறியாளர் ஆனார். அவர் கையெழுத்திட்டால்தான் விமானம் கிளம்பும். நானோ பஸ் வளைவில் திரும்பினாலே முன்சீட்டுக் கம்பியைக் கட்டிப்பிடிக்கிறவன்.

கோளாறு இல்லாத விமானத்தைத்தானே அனுப்புவீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். சிரித்தார். அப்படியொரு விமானமே கிடையாதாம். எந்தக் கோளாறோடு பறக்கலாம், எதோடு கூடாது என்று புத்தகம் இருக்கிறதாம். எண்ணெய் கசிந்தால் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று எண்ணுவார்களாம். அளவுக்கு மேல் ஒரு சொட்டு விழுந்தாலும் கையெழுத்து கிடையாது. என் பயம் இரட்டிப்பானது.

அப்பா இறந்த அன்று, அண்ணன் ஏறி வரவேண்டிய தூத்துக்குடி விமானத்தை அவரேதான் சோதித்துக்கொண்டிருந்தார். சொட்டு கூடுதலாக விழுந்தது. கையெழுத்திடவில்லை. வேறு விமானமில்லாமல் பஸ்ஸில் கிளம்பினார். மூத்த மகன் வைக்கவேண்டிய கொள்ளியை, பொழுது சாயும்வரை பார்த்துவிட்டு நான் வைத்தேன்.

மறுநாள் சுடுகாட்டில் காடாத்துச் சடங்குக்கு வந்து நின்றவரிடம், "ஒரு சொட்டுக்காவ அப்பா மொகத்தத் தொலச்சிட்டீங்களே" என்றேன். அவர் சாம்பலில் பால் ஊற்றினார். ஒரு வருடம் நான் அவரோடு பேசவில்லை.

சென்ற ஆண்டு அண்ணனுக்கு நுரையீரல் நோய் முற்றியது. அண்ணி போன் செய்தார்கள். "தம்பி, அவிய ஒங்களத் தேடுதாவ. இன்னைக்கே வாங்க."

தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு, ஐம்பத்திரண்டு வயதில் என் முதல் விமானம். பெல்ட்டை இறுக்கிய இறுக்கில் தின்ற இட்லி தொண்டைக்கு வந்தது. விபூதியை நெற்றியில் பூசி, யாரும் பார்க்காதபோது ஜன்னலுக்கும் பூசினேன். கிளம்பும் நேரத்தில் கோளாறு என்று எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். ஒரே கூச்சல். நானும் நாலு வார்த்தை கத்திவிட்டு அண்ணியை அழைத்தேன். போனை அண்ணன் காதில் வைத்தார்கள்.

"அண்ணாச்சி, பிளேன் கெளம்பல. சண்ட போட்டாவது வந்துருதேன்."

மூச்சு வாங்கக் கேட்டார். "இஞ்சினியர் கையெழுத்துப் போட்டாரா?"

"இல்ல."

"அப்பம் பேசாம இருலே. அவரத் தொந்தரவு பண்ணாத."

உட்கார்ந்தேன். நாலு மணி நேரம். நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணனின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

அவரைக் குழந்தைபோல் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், செவிலியருக்கும், வேன் பிடித்து வந்த ஊராருக்கும் எங்கள் நன்றி. அன்று வெயிலில் விமானத்தின் அடியில் குனிந்து நின்று, அத்தனை கூச்சலுக்கும் கையெழுத்திடாத அந்தப் பொறியாளருக்கும்.

அதற்குப் பிறகு அவரை நான் தொந்தரவு செய்யவில்லை, அண்ணாச்சி.