வாளிக்குப் பொறுப்பானவள்

தீபாவளிக்கு எங்கள் தெருவில் மற்ற பிள்ளைகளின் கையில் மத்தாப்பு இருக்கும்; என் பக்கத்தில் வாளி இருக்கும். தாயில்பட்டிப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அம்மா திரி வைக்கும் வேலை பார்த்தாள். வெடி போடும் இடத்தில் தண்ணீர் இல்லையென்றால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு, "வாளி ஒம் பொறுப்பு. எப்பவும் நெறஞ்சே இருக்கணும்" என்று சொல்லியிருந்தாள். எனக்குக் கலெக்டர் உத்தியோகமே கிடைத்த மாதிரி இருந்தது. விளையாட வந்தவர்கள் கால் கழுவக் கேட்டபோதுகூட அதிலிருந்து ஒரு செம்பு கொடுக்கவில்லை.

தீபாவளிக்கு மறுநாள் காலை. அம்மா தெருக்குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மாமா மகன் தன் பட்டாளத்தோடு குப்பையைக் கிளறி, வெடிக்காமல் போன வெடிகளைப் பொறுக்கினான். ஆறாம் வகுப்புக்காரன், எங்களுக்கெல்லாம் அவன்தான் தளபதி. எங்கள் வீட்டுக்குப் பின்னால் கருவேல மரத்தடியில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளிருந்த வெடிமருந்தை ஒரு தேங்காய்ச் சிரட்டையில் தட்டினார்கள். சிரட்டை பாதிக்குமேல் நிறைந்தது.

"ஒத்தத் தீக்குச்சி போதும்லே. பனை ஒசரத்துக்கு எந்திரிக்கும் பாரு" என்றான்.

தம்பிக்கு அப்போது நாலு வயது. எல்லோரும் தள்ளி நிற்க, அவன் மட்டும் சிரட்டையருகே குத்தவைத்து, உள்ளே என்ன இருக்கிறதென்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். "ஏலே, தள்ளிப் போலே" என்று கத்தினார்களே தவிர, யாரும் வந்து தூக்கவில்லை.

முதல் குச்சி காற்றில் அணைந்தது. எனக்குப் பயமாக இருந்தது என்று சொல்ல முடியாது. தீ வைக்கிற இடத்தில் வாளி இல்லையே என்பதுதான் என் கவலை. என்னைக் கேட்காமல் எப்படி? வாசலுக்கு ஓடிப்போய் வாளியைத் தூக்கி வந்தேன். பாதித் தண்ணீர் என் பாவாடையில் சிந்திப்போனது. அதற்குள் மாமா மகன் அடுத்த குச்சியை உரசி, கையைக் குவித்து மறைத்துக்கொண்டு குனிந்தான். மிச்சத் தண்ணீரை அந்தக் குச்சியிலும் சிரட்டையிலும் தம்பியின் தலையிலுமாகச் சேர்த்து ஊற்றினேன்.

தம்பி வீறிட்டு அழுதான். மாமா மகன் என் சடையைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப் போனான்.

"அத்தை, மருந்து பூராத்தையும் இவ நனைச்சுட்டா!"

"எந்த மருந்தலே?" என்று சோப்பு நுரையோடு எழுந்த அம்மா, மரத்தடிக்கு ஓடி வந்தாள். சிரட்டையைப் பார்த்தாள். சொட்டச் சொட்ட நின்ற தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அடி விழப்போகிறது என்று நான் காத்திருந்தேன்.

"வாசல்ல இருந்தா வாளியத் தூக்கிட்டு வந்த? ஒத்தையிலயா?"

தலையாட்டினேன். அம்மா தம்பியோடு அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தீபாவளி லீவு முடிந்து கம்பெனி மறுபடி திறந்த நாளில், வேலையாட்களை ஏற்றிப் போகும் வேன் நிற்கும் இடத்துக்கு என்னையும் கூட்டிப் போனாள். "இவதான் எம்மக. வாளித் தண்ணிய அம்புட்டையும் ஊத்தி அணைச்சிருக்கா, பாத்துக்கோங்க!" என்றாள், வேன் முழுக்கக் கேட்கும்படி. ஜன்னல்களிலிருந்து கைகள் நீண்டு என் தலையைத் தடவின. ஒரு அக்கா தன் தூக்குச்சட்டியைத் திறந்து முறுக்கு எடுத்துக் கொடுத்தார். நேரமாகிறது என்று டிரைவர் ஹாரன் அடித்ததையும் எனக்கான மரியாதையாகவே எடுத்துக்கொண்டேன்.

கடைசி ஜன்னலில் இருந்த அடுத்த தெரு அத்தை மட்டும் என் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு அமுக்கினார். தீபாவளிக்கு வைத்த மருதாணியைத்தான் பார்க்கிறார் என்று நினைத்து, நான் இன்னும் நன்றாக விரித்துக் காட்டினேன். வேன் நகரும்வரை அவர் விடவில்லை.

அந்த அத்தையின் மகன் வலது கையை எப்போதும் டவுசர் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு இடது கையால் எழுதுவான் என்பது மட்டும்தான் அப்போது எனக்குத் தெரியும்.