பாரம் ஆடக் கூடாது

வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் கம்பெனி ஒன்றில் அவர் மேஸ்திரி. ஊரில் பாதிப் பேருடைய கட்டில் எத்தனை துண்டாகக் கழலும் என்பது அவருக்கு அத்துப்படி. எந்த பீரோ எந்த மாடிப்படித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டு உயிரை வாங்கும் என்பதை வாசலில் நின்றபடியே சொல்லிவிடுவார். இத்தனை பேருக்கு வீடு மாற்றிக் கொடுத்தவர், தான் மட்டும் மாறியது ஒரே ஒரு தடவை. கல்யாணமான புதிதில், அப்பா வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடிப் போர்ஷனுக்கு வந்தார். அப்போது இருந்தது ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு ஸ்டவ்வும் ஒரு மெத்தையும். தலையில் வைத்தே கொண்டுவந்து சேர்த்துவிட்டார். அதற்குப் பிறகு யார் என்ன சொன்னாலும் அந்த மாடியை விட்டு அசையவில்லை.

கூட வேலை பார்ப்பவர்கள் அவரைக் கௌபாய் அண்ணன் என்று கூப்பிடுவார்கள். அவர் குதிரையைத் தொட்டுக்கூடப் பார்த்தது கிடையாது. பட்டப்பெயருக்குக் காரணம் அவருடைய படப் பைத்தியம். எல்லாப் படமும் இல்லை. புருஷனும் பெண்டாட்டியும் துணிக்கூரை போட்ட வண்டியில் இருக்கிற சாமானை எல்லாம் ஏற்றிக்கொண்டு, ஆளில்லாத புல்வெளிக்குப் போய், ஒரு வீடு கட்டி வாழ்வார்களே, அந்த மாதிரிப் பழைய வெள்ளைக்காரப் படங்கள். துப்பாக்கிச் சண்டை வந்தால் ரிமோட்டை எடுத்து ஓட்டிவிடுவார். "வேலைவெட்டி இல்லாதவனுங்க" என்று திட்டு வேறு. அவருக்கு வேண்டியதெல்லாம் அந்தக் கிணறு தோண்டுகிற காட்சிதான். அவன் குழிக்குள் நின்று மண்ணை வெட்டுவான், அவள் மேலே நின்று வாளியை இழுப்பாள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள். தண்ணீர் ஊறியதும் அவன் அண்ணாந்து அவளைப் பார்ப்பான். அந்த இடத்தில் நம் மேஸ்திரி கைக்குட்டையைத் தேடுவார்.

சுவர் எழுப்புவதற்கு முன்னாலேயே ஜன்னல் சட்டத்தில் திரைச்சீலை மாட்டுகிற பெண்ணை அவருக்கு ரொம்பப் பிடிக்கும். ஆசையாக இருக்கிறது என்று அவள் வாயைத் திறந்து சொல்வதே இல்லை, மாட்டிவிட்டுப் போய்விடுவாள். பேசாமல் செய்கிற அன்பில் அவருக்கு அப்படி ஒரு மயக்கம். அவரும் பேசத் தெரியாத ஆள்தான், அதனால் இருக்கலாம். ஆனால் தொழில் புத்தி எங்கே போகும்? வண்டியில் சாமான் ஏற்றுகிற காட்சி வந்தால் மயக்கமெல்லாம் தெளிந்துவிடும். இரும்பு அடுப்பை ஓரத்தில் வைக்கிறானே, முதல் பள்ளத்திலேயே வண்டி சாயும் என்று டி.வி.யைப் பார்த்துக் கத்துவார். சில சமயம் வண்டி சாயவும் செய்யும். அன்றைக்கு முழுக்க மனிதர் சந்தோஷமாக இருப்பார்.

அவர் மனைவி பால் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். வருகிற பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா, கெட்டுப்போகுமா என்று சோதித்துச் சொல்கிற கூடத்தில். சாயங்காலம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே அவரும் படம் பார்ப்பார். அவருக்குப் படத்தைவிடப் படம் பார்க்கும் கணவனைப் பார்ப்பதுதான் பொழுதுபோக்கு. ஒரு தடவை மட்டும், அந்தப் புல்வெளியில் வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன்னால் இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று சாதாரணமாகக் கேட்டுவைத்தார். அடுத்த தடவை மேஸ்திரி அதே படத்தைப் போட்டபோது அந்தக் கேள்வியும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது. பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து போனார். படம் பார்ப்பதை விட்டாரா என்றால் அதுவும் இல்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வீட்டில்தான் அந்தச் செய்தி வந்தது. பால் தொழிற்சாலை தொலைவில் புதிதாக ஒரு கிளை கட்டியிருந்தது. சுற்றிலும் வெட்டவெளி, ஒரே ஒரு ரோடு, வேலை செய்பவர்களுக்கு வரிசையாகக் கொஞ்சம் வீடுகள். அங்கே சோதனைக் கூடம் முழுவதையும் பொறுப்பேற்று நடத்தும்படி மனைவியைக் கேட்டிருந்தார்கள். அவருக்கு மேலே இருந்தவர்கள் எல்லாம் ஒவ்வொருவராக வேறு வேலைக்குப் போக, அவர் மட்டும் அதே மேசையில் எத்தனையோ வருடம் இருந்து, புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுத்து, அவர்களையும் மேலே ஏற்றிவிட்டவர். இப்போதுதான் முதல் தடவையாக ஒருத்தர் அவரைக் கேட்டிருக்கிறார். சாப்பாடு பரிமாறிக்கொண்டே விஷயத்தைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை மேஸ்திரி பார்த்தார். பார்த்தும், வேண்டாம் என்றார்.

அதற்குச் சொன்ன சாக்குகள் கொஞ்சநஞ்சம் அல்ல. தன் வேலை என்னாவது என்றார். கம்பெனி மேனேஜரிடம் மனைவி முன்பே கேட்டு வைத்திருந்தார். அந்தப் பக்கம் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள், அங்கேயே ஒரு ஆள் இருந்தால் நல்லது என்று மேனேஜர் தலைகால் புரியாமல் சந்தோஷப்பட்டாராம். மகள் வந்தால் எங்கே வருவாள் என்றார். கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கும் மகள், அந்தக் கிளை தனக்கு இன்னும் பக்கம் என்று போனிலேயே சொல்லிவிட்டாள். காற்று ஒத்துக்கொள்ளாது என்றார். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

மனைவி அன்றைக்கும் குரலை உயர்த்தவில்லை. "முப்பது வருஷமா அந்த வெட்டவெளியப் பாத்துப் பாத்து மூக்கச் சிந்துனீங்க. நிஜமா ஒண்ணு வந்து நிக்குது, வேண்டாங்கறீங்க" என்றார்.

"படம் வேற, வீடு வேற."

"என்ன வேற?"

மேஸ்திரி தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார். "சாமான இறக்கி வெச்சதும் நாங்க கதவச் சாத்திட்டு வந்துருவோம்மா. ஜன்னல் வழியாப் பாத்தா அட்டைப்பெட்டிக்கு நடுவுல ரெண்டு பேரும் பேசாம நிப்பாங்க. அதுக்கப்புறம் அங்க என்ன ஆகுதுன்னு எனக்குத் தெரியாது. படத்துலயும் அதோட முடிஞ்சுரும்" என்றார். அவருக்குப் பயம். அவ்வளவுதான் விஷயம். அதைப் பயம் என்று சொல்லத்தான் அவருக்கு வாய் வரவில்லை. ஒற்றைக்காலில் நின்றார்.

மனைவி இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு, தான் போவதாகவும், லீவு கிடைக்கும்போது வந்து போவதாகவும் சொல்லிவிட்டு, தன் சாமானைக் கட்ட ஆரம்பித்தார். சண்டை இல்லை, கண்ணீர் இல்லை. கட்டுவதை வேறு அவரிடம் இத்தனை வருடம் கேட்டுக் கேட்டுப் பழகியிருந்ததால் கட்டு பிசகில்லாமல் இருந்தது. மேஸ்திரி போகிற வருகிற சாக்கில் ஒவ்வொரு முடிச்சாக இழுத்துப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் எரிச்சல்தான் வந்தது. ஏற்றுகிற வேலையை மட்டும் வேறு யாருக்கும் விட மாட்டேன், நானே செய்வேன் என்று பிடிவாதம் பிடித்தார். கட்டின பெண்டாட்டியை ஊருக்கு அனுப்புகிற லாரிக்குத் தானே மேஸ்திரி. இப்படியும் ஒரு மனிதர்.

அந்தக் காலையில் வாசலில் வந்து நின்ற லாரியைப் பார்த்ததும் அவருக்கு ரத்தம் கொதித்தது. அரை வீட்டுச் சாமானுக்கு, முழு வீட்டையும் விழுங்குகிற பெரிய வண்டியை அனுப்பியிருந்தார்கள். ஆபீசுக்குப் போன் போட்டுக் கத்தினார். அந்த வண்டிக்குத்தான் சொல்லியிருக்கிறது, வேறு வண்டி இல்லை என்று மேனேஜர் பிடி கொடுக்காமல் பேசிவிட்டு வைத்தார். ஏற்றுவதற்கு வந்திருந்த இரண்டு ஆட்களும் டிரைவரும் மேஸ்திரியின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வேலையில் இறங்கினார்கள்.

மனைவியின் சாமான் சீக்கிரமே ஏறிவிட்டது. கட்டில், தையல் மெஷின், கண்ணாடிக் கதவு போட்ட புத்தக அலமாரி, பாத்திரப் பெட்டிகள். மனைவி கைப்பையும் பிளாஸ்கும் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். மேஸ்திரி எதிரில் வந்து நின்றார். வேளைக்குச் சாப்பிடும்படி சொன்னார். பிறகு முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

மேஸ்திரி பின்பக்கம் தனியாக நின்றார். அவர் பார்த்த படங்களில் எல்லாம் ஆரம்பத்தில் ஒரு ஆள் வருவான். வண்டி கிளம்பும்போது கடை வாசலில் நின்று கையாட்டுவான். வண்டி திரும்பியதும் அவன் கதை முடிந்தது, அப்புறம் படத்தில் அவன் கிடையாது. பேர்கூட இருக்காது. இத்தனை வருடமும் லகானைப் பிடித்து உட்கார்ந்திருப்பவன் தான் என்றே நினைத்துப் படம் பார்த்துவந்தவருக்கு, இப்போது தான் நிற்கும் இடம் எது என்று புரிந்தது. யாரும் தன் முகத்தைப் பார்ப்பதற்குள் லாரிக்குள் ஏறிவிட்டார்.

உள்ளே பாதி இடம் காலி. அவர் தொழிலில் அதைவிடப் பெரிய பாவம் இல்லை. காலி இடம் விட்டால் பாரம் ஆடும், ஆடினால் ஒன்றோடொன்று மோதும், மோதினால் கண்ணாடிக் கதவு கதை கந்தல். கயிறு போட்டு இழுத்துக் கட்டிவிடலாம் என்றார் டிரைவர். கயிற்றை நம்புகிறவன் லோடு ஏற்றக் கூடாது என்றார் மேஸ்திரி. முட்டுக் கொடுக்க மெத்தென்று ஏதாவது வேண்டும். மாடிக்குப் போய்த் தன் மெத்தையை உருட்டிக்கொண்டு வந்தார்.

மெத்தை அலமாரிக்குப் பாந்தமாகப் பொருந்தியது. ஆனால் மெத்தைக்குப் பின்னால் ஒரு சந்து. அதற்குச் சரியான அளவு அவருடைய நாற்காலிதான், படம் பார்க்கிற நாற்காலி. அதைக் கொண்டுவரச் சொன்னார். நாற்காலியின் காலுக்கு அடியில் ஒரு பொந்து. படங்களின் சி.டி.கள் இருந்த பெட்டி அதற்கென்றே செய்ததுபோல் உள்ளே போனது. பாத்திரப் பெட்டிகள் உரசாமல் இருக்க நடுவில் துணி வேண்டியிருந்தது. தன் சட்டைகளைச் சுருட்டிச் சுருட்டித் திணித்தார். டி.வி., கம்பளிப் போர்வை, துணிக்கூடை, முக்காலி, ஸ்டவ், பழைய டிரங்குப் பெட்டி என்று ஒன்று ஒன்றாக வந்தது. கண்ணும் கருத்துமாக வேலை பார்க்கும்போது அவருக்கு வேறு எதுவும் தெரியாது. "இந்த அகலத்துல ஏதாச்சும்" என்று கையை விரித்துக் காட்டுவார். ஆட்கள் ஓடிப்போய்க் கொண்டுவருவார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களே தவிர, ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் பின்கதவைச் சாத்தியபோது ஒரு விரல்கூட உள்ளே நுழைய இடமில்லை. மேஸ்திரி கதவைத் தட்டிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

ஏற்றி முடித்ததும் மேஸ்திரி கடைசியாக ஒரு சுற்று வர வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். ஒவ்வொரு அறையாகப் போய் அலமாரி, கதவு இடுக்கு எல்லாம் பார்த்து, கீழே இருப்பவர்களுக்குக் கேட்கும்படி "காலி" என்று குரல் கொடுப்பார். மாடிப்படி ஏறினார். சமையலறையில் நின்று "காலி" என்றார். முன்னறையில் "காலி" என்றார். உள்ளறைக்குப் போய்க் குரல் கொடுத்தபோது அது சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. அந்தச் சத்தத்தை அவர் எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறார். தன் வீட்டில் கேட்டதில்லை.

அப்போதுதான் சுற்றிப் பார்த்தார். நாற்காலி இருந்த இடத்தில் தரை மட்டும் வேறு நிறமாக இருந்தது. உட்கார ஒன்றும் இல்லை. ராத்திரி படுக்க ஒன்றும் இல்லை. மாற்றிக்கொள்ள ஒரு சட்டைகூட இல்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனால் இங்கே இப்படியே நிற்பது அதைவிடப் பயமாக இருந்தது. ஜன்னலைச் சாத்தினார், கதவைப் பூட்டினார், கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்தார். அவரும் ஏன் எதற்கு என்று கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டார்.

லாரியின் முன்கதவைத் திறந்து, எல்லா வீட்டிலும் வாடிக்கையாளரிடம் சொல்லுகிற அதே வார்த்தையைத்தான் மனைவியிடமும் சொன்னார்.

"எதுவும் விட்டுப்போகல. கெளம்பலாம்."

மனைவி டிரைவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார். இறக்குவதற்குத் தொழிற்சாலை ஆட்கள் இருந்ததால் மற்ற இருவரும் அங்கேயே நின்று கையாட்டினார்கள். மேஸ்திரி அவர்களைத் திரும்பிப் பார்த்தார். பதிலுக்குக் கையாட்டினார்.

ஊர் தாண்டி, கடைகள் குறைந்து, இரண்டு பக்கமும் வெறும் நிலமாக வந்தபோது மனைவி பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றிக் கொடுத்தார். அதைக் குடித்துவிட்டு அவர் வழக்கம்போல ஆபீசைத் திட்ட ஆரம்பித்தார். எது எவ்வளவு என்று கணக்குத் தெரியாதவர்களை உட்கார வைத்தால் இப்படித்தான், அரை வீட்டுக்கு யாராவது இவ்வளவு பெரிய வண்டியை அனுப்புவார்களா, நல்லவேளை நான் இருந்தேன், இல்லாவிட்டால் அலமாரிக் கண்ணாடி வழியிலேயே பொடிப்பொடியாகியிருக்கும் என்றார்.

மனைவி டம்ளரை வாங்கித் துடைத்தார். பார்வை ரோட்டில் இருந்தது.

"பெரிய வண்டி வேணும்னு நான்தாங்க கேட்டேன்."

லாரி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. மேஸ்திரி, பின்னால் ஏதாவது ஆடுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டார். ஒரு சத்தமும் வரவில்லை.