கரை காட்டியது யார்?

தங்கச்சிக்கு மனை கிடைக்க வேண்டும் என்று சங்கிலி ஏரியையே சுருக்கிவிட்டார் என்று சொல்கிறார்களே, அதில் எள்ளளவும் உண்மை கிடையாது. இல்லை என்றால் இல்லைதான். ஏரி என்ன ஜாக்கெட்டா, பிடித்துத் தைத்துச் சுருக்க? சொல்கிறவர்களுக்கு வாய் வலிக்காது. சங்கிலிக்கு வலித்தது. அதைக் கிட்ட இருந்து பார்த்தவள் அந்தத் தங்கச்சி ஒருத்திதான்.

நகராட்சியில் நிலம் அளக்கிற வேலை அவருக்கு. அளக்கிற சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டே திரிந்ததால் ஊரே அவரைச் சங்கிலி என்றது. கல்யாணம் காட்சி என்று ஒன்றும் செய்துகொள்ளவில்லை. சாப்பாடு, படுக்கை எல்லாம் தங்கச்சி வீட்டில்தான்.

அப்போது இது ஊருமில்லை, நகரமுமில்லை, இரண்டுங்கெட்டான். படகுத்துறை ஒன்று, ஆஸ்பத்திரி ஒன்று, வலை பின்னுகிற ஃபேக்டரி ஒன்று, மேட்டில் ஒரே ஒரு கடைத்தெரு. அவ்வளவுதான். மற்ற இடத்தில் தண்ணீர் ஏறும், இறங்கும். இந்த ஊரில் கரைதான் நடக்கும். "கரை கிட்ட வந்துடுச்சு", "கரை தூரப் போயிடுச்சு" என்றுதான் பேச்சு. அன்றைக்குக் கால் எங்கே நனைகிறதோ அதுதான் கரை.

மூன்று வருஷம் மழை ஏமாற்றியது. கரை எங்கேயோ போய்விட்டது. படகுகள் சேற்றில் குப்புறக் கிடந்தன. கடைத்தெருவில் இடமில்லாமல் நெரிந்துகொண்டிருந்த நகராட்சிக்கு அந்த நேரம் பார்த்து ஆசை வந்தது, ஏரியோரமாக ஒரு புதுத்தெரு போடலாம் என்று. 'கரை வரை அளந்து தரவும்' என்று மேலிடத்திலிருந்து ஒற்றை வரியில் தாள் வந்தது. எழுதியவர் வெளியூர்க்காரர். அவர் மனதில் இருந்தது வெள்ளக் காலத்தில் தண்ணீர் வந்து நிற்கிற எல்லை. சங்கிலி இங்கேயே பிறந்து வளர்ந்தவர். அவருக்குக் கரை என்றால் கரை.

அப்படியும் அவர் கண்ணை மூடிக்கொண்டு அளக்கவில்லை. ஆஸ்பத்திரித் துணி துவைத்துக்கொண்டிருந்த தங்கச்சியிடம் வந்து நின்றார்.

"பாப்பா, பழைய எல்லைக் கல்லு ஒண்ணு இங்க எங்கயோ நட்டிருக்குன்னு ஆபீஸ்ல சொல்றாங்க. பார்த்திருக்கியா?"

அவளுக்குத் தெரியும். மேலே புதருக்குள் நின்ற அந்தக் கல்லில்தான் துணிக்கொடியின் ஒரு முனையைக் கட்டியிருந்தாள். சொன்னால் அவிழ்க்கச் சொல்வார், காயப்போட்ட நாற்பது போர்வையும் மண்ணாகும். அதற்கு மேல் ஒரு கள்ளமும் அவள் மனதில் இல்லை. தண்ணீர் போகப்போக அவளும் துவைக்கிற கல்லை உருட்டிக்கொண்டே பின்னால் போயிருந்தாள்.

"எனக்குத் தெரிஞ்ச கல்லு இது ஒண்ணுதான்ணா. இது மேல நிக்கறேன் பாரு, இதுதான் கரை" என்றாள்.

அவர் சிரித்துவிட்டு, பக்கத்திலேயே குச்சியை நட்டார்.

தெரு வந்தது. மனைகளைச் சீட்டுக் குலுக்கித்தான் கொடுத்தார்கள். அவள் புருஷன், படகு என்ஜின் மெக்கானிக், அவர் பேருக்கும் ஒன்று விழுந்தது. விழாமலே இருந்திருக்கலாம். வீடு கட்டினார்கள், மாடியில் அண்ணனுக்கு ஓர் அறை. பதினொரு வருஷம் குறை ஒன்றும் இல்லை. பன்னிரண்டாம் வருஷ மழையில் கரை திரும்பி நடந்து வந்தது. தெரு முழுக்க இடுப்பளவு தண்ணீர். பீரோ, தையல் மிஷின், பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் ஊறிப்போயின. புதரையும் மழை அரித்துச் சாய்த்துவிட, வீடுகளுக்குப் பின்னால் எல்லைக் கல் பளிச்சென்று நின்றது. தண்ணீர் சரியாக அதன் அடியைத் தொட்டு நின்றிருந்தது.

பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் போட்டார்கள். இவ்வளவு பெரிய கல் கண்ணில் படவில்லையா, கரை இதுதான் என்று யார் காட்டியது என்று நகராட்சித் தலைவர் கேட்டார். சங்கிலி ஒரே ஒரு தடவை தங்கச்சியைத் திரும்பிப் பார்த்தார். அவள் பக்கத்தில் இருந்த மகளின் சடையை அவிழ்த்துப் பின்னத் தொடங்கினாள். நன்றாக இருந்த சடை.

"யாரும் காட்டலை. நானா பார்த்துத்தான் வெச்சேன்" என்றார் அவர்.

அன்றோடு வேலை போயிற்று. பேச்சு மட்டும் போகவில்லை. அண்ணன் சங்கிலியில் தங்கச்சிக்கு மட்டும் நாலு கண்ணி கூடுதல் என்று குழாயடியில் சிரித்தார்கள். வாயைத் திறந்தால் வீட்டையும் சேர்த்துப் பிடுங்குவார்கள் என்று புருஷன் சொல்லியிருந்தார். ஆனாலும் தினமும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவள் குடத்தை எடுப்பாள். குடம் நிறைந்துவிடும். திரும்பி வந்துவிடுவாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் அவர் பையோடு மாடியிலிருந்து இறங்கினார். எங்கேயோ ரோடு போடுகிறார்களாம், அளக்க ஆள் வேண்டுமாம். சமையலறை வாசலில் அவள் வழியை மறித்தாள்.

"அண்ணா, அந்தக் கல்லு எங்க இருக்குன்னு அன்னைக்கே எனக்குத் தெரியும்."

"தெரியும் பாப்பா. தண்ணி வடிஞ்ச அன்னைக்கே போய்ப் பார்த்தேன். கொடி கட்டின தழும்பு அதுல இருக்கு." உப்பை எடு என்பதுபோலத்தான் சொன்னார், கோபமாக இல்லை. "என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? வெளிய சொல்லு."

அவள் அவர் பின்னாலேயே வாசலுக்கு வந்தாள். குழாயடியில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். எதிர்வீட்டுத் தையல்காரி மிஷினை நிறுத்தினாள். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. அவர்கூட செருப்பை மெதுவாகத்தான் மாட்டினார்.

"குடை எடுத்துக்கிட்டியா?" என்றாள் அவள்.

"எடுத்துக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு அவர் படி இறங்கினார்.