எஸ்தர் அக்கா செய்த கேபிள்

போன வாரம் வீட்டுக்கு இன்டர்நெட் இணைப்புக் கொடுக்க வந்தவர் நீல வயரின் தோலைச் சீவியபோது புது பிளாஸ்டிக் வாடை ஹால் முழுக்கப் பரவியது. என் மனைவி ஊதுபத்தி ஏற்றப் போனாள். நான் பல வருடம் பின்னால், சிவகாசியில் கம்ப்யூட்டர் வகுப்பு நடந்த ஒரு மாடி அறைக்குப் போய்விட்டேன்.

எட்டு கம்ப்யூட்டர்கள், ஒரு மேஜை விசிறி, இருபத்து மூன்று வயதில் எல்லாம் தெரிந்தவன் போல டை கட்டிக்கொண்ட நான். விருதுநகரிலிருந்து பஸ்ஸில் வந்து நெட்வொர்க்கிங், புரோகிராமிங் அடிப்படை நடத்தினேன். சிவகாசி வெயிலில் டை! அதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. மற்றதை நினைத்தால் வருவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு ஏழாயிரம்பண்ணையிலிருந்து எஸ்தர் அக்கா வருவார். பட்டாசு ஆலையில் மத்தாப்புப் பெட்டி அடுக்குகிற வேலை. பன்னிரண்டாவது முடித்தவர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அக்கா என்பதெல்லாம் இப்போது எழுதும்போதுதான்; அன்று ‘ஏம்மா’ என்றுதான் கூப்பிட்டேன். ஆலை ஆபீஸில் கம்ப்யூட்டர் வைக்கப்போகிறார்கள், கற்றுக்கொண்ட ஒருவரை ஷெட்டிலிருந்து அங்கே மாற்றுவார்கள் என்று பேச்சு.

“மருந்து வாடை இல்லாத எடத்துல ஒக்காரணும் சார், அம்புட்டுதான்” என்றார் முதல் நாள். நகக்கண்ணில் அலுமினியப் பொடி வெள்ளியாக ஒட்டியிருந்தது. கையைக் கழுவிவிட்டு கீபோர்டைத் தொடச் சொன்னேன், எல்லார் முன்னாலும். அவர் கழுவிவிட்டுத்தான் வந்திருந்தார்.

லூப் நடத்திய அன்று, ‘நிபந்தனை பொய்யாகும்வரை கட்டளைகளைத் திரும்பத் திரும்பச் செய்வது’ என்று புத்தகத்தில் இருந்ததை ஒப்பித்தேன். வகுப்பே கொட்டாவி விட்டது. எஸ்தர் அக்கா மட்டும் கேட்டார்:

“பெட்டில எடம் இருக்கான்னு பாரு, இருந்தா ஒண்ணு வையி, மறுபடி பாரு, எடம் இல்லைன்னா மூடு. அதானே சார்?”

அதேதான். அந்த உதாரணத்தைப் பல வருடம் என்னுடையதாகவே சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன், உங்களிடம் சொல்வதற்கென்ன.

கேபிள் செய்வதிலும் அப்படித்தான். உள்ளே எட்டு வண்ணக் கம்பிகள். வரிசை மாறாமல் முனையில் மாட்டும் பிளாஸ்டிக் கிளிப்புக்குள் நுழைத்து இடுக்கியால் அழுத்த வேண்டும். எனக்கே ரெண்டில் ஒன்று பிசகும். அவருக்குப் பிசகியதில்லை.

ஆபீஸுக்கு மாற்றலாமா என்று ஒரு ஞாயிறு ஆலை மேனேஜர் பார்க்க வந்தார். எஸ்தர் அக்கா தான் செய்த கேபிளால் ஒரு கம்ப்யூட்டரை மற்றவற்றோடு இணைத்து, அதிலிருந்து பக்கத்துக் கம்ப்யூட்டருக்கு ஒரு ஃபைல் அனுப்பிக் காட்ட வேண்டும். போகவில்லை. திரையில் ஒரு சின்ன அறிவிப்பு எட்டிப் பார்த்தது: இதே எண் இன்னொரு கம்ப்யூட்டருக்கும் இருக்கிறது. வீட்டுக்குக் கதவு எண் மாதிரி ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனி எண் தர வேண்டும். காலையில் எண்களை அடித்தவன் நான். அவசரத்தில் ரெண்டுக்கும் ஒன்றையே கொடுத்திருந்தேன். அந்த அறிவிப்பு வந்ததே கேபிள் நன்றாக இருப்பதற்குச் சாட்சி. அதன் வழியாகத்தானே ஒன்று மற்றதைக் கண்டுகொண்டது?

படித்தேன். புரிந்தது. மேனேஜர் பார்ப்பதற்குள் மூடினேன்.

“ஏம்மா, கேபிள ஒழுங்கா அடிக்கலையா?”

“வரிசை பாத்துத்தான் சார் வச்சேன். இன்னொருக்க பாருங்களேன்.”

கத்தரியை எடுத்துக் கிளிப்பை வெட்டிப் போட்டேன். வெட்டிவிட்டால் யாரும் சோதித்துப் பார்க்க முடியாதல்லவா? மேனேஜர், “எப்படி சார், பழகிருவாங்களா?” என்றார். “கொஞ்சம் கஷ்டம்தான்” என்றேன். ஆபீஸ் வேலை வேறொருவருக்குப் போனது. எஸ்தர் அக்கா அதன்பிறகு வகுப்புக்கு வரவில்லை.

பல வருடம் கழித்து சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் அவரே கூப்பிட்டார். “சார், நல்லாருக்கீகளா?” பக்கத்தில் கழுத்தில் காலேஜ் அட்டையோடு மகள். அவளிடம், “இவுகதான் எனக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்குடுத்தாக. எனக்குத்தான் கை வரல” என்றார்.

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. “பாப்பா என்ன படிக்குது?” என்று கேட்டேன். அதற்குள் ஒரு பஸ் வந்தது. நான் போக வேண்டிய பஸ் இல்லை. ஏறிவிட்டேன்.

அந்தப் பக்கம் வெடிவிபத்து என்று செய்தி வந்தால் இறந்தவர்களின் பெயர்களில் எஸ்தரைத் தேடுவேன். இல்லை என்றதும் மூச்சு வரும். மற்ற பெயர்கள் அதற்குப் பிறகுதான் கண்ணில் படும்.

நேற்று ஒருவழியாக ஏழாயிரம்பண்ணைக்குப் போனேன். ஆலை கேட் பூட்டிக் கிடந்தது. உள்ளே சீமைக்கருவேலம் ஷெட் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. எதிர் டீக்கடையில் விசாரித்தேன்.

“அந்தக் கம்பெனி மூடி ரொம்ப நாளாச்சு சார். வேலை பாத்தவுக அங்கன இங்கன செதறிட்டாக. எஸ்தரா? எந்த எஸ்தர்?”

எந்த எஸ்தர் என்று சொல்ல அவருடைய தெருவோ, வீட்டுக்காரர் பெயரோ எனக்குத் தெரியவில்லை. கேட்டு வைத்ததே இல்லை.

திரும்பும் வழியில் சிவகாசியில் இறங்கினேன். மாடி அறை இருந்த கட்டிடத்தையே இடித்து, கார் நிறுத்த இடமாக்கியிருந்தார்கள். மாடிப்படி எந்தப் பக்கம் இருந்தது என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

“அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வண்டிய எடுக்கணும்” என்றார் ஒருவர்.

தள்ளி நின்றேன்.