பெரியவர்கள் கைகட்டும் வகுப்பு

அரசுப் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை என்றால் கூட்டுவது, துடைப்பது, பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிடுவது. அப்படி நினைத்துத்தான் அல்லாஹ் பேரால் பிஸ்மி சொல்லி முதல் நாள் போனேன். குத்துக்கல்வலசைப் பக்கம் ஊராட்சி ஒன்றியப் பள்ளி. எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே அறை. ஒரு பையன் சட்டைப் பட்டனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். ஓடிப்போய்ப் போட்டுவிட்டேன். செல்வி டீச்சர் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"அக்கா, அவனா வந்து கேக்குத வரைக்கும் கையக் கட்டிக்கிட்டு நில்லுங்க. இங்கன அதான் உங்க வேலை."

கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்குச் சம்பளம் வாங்கினால் அது ஹலாலா என்று எனக்கு ஒரு வாரம் பயம்.

போகப் போகத்தான் புரிந்தது. அதற்கு மாண்டிசோரி முறை என்று பேர். கான்வென்ட்டில் ஃபீஸ் கட்டிப் படிப்பதை இங்கே சும்மா சொல்லித்தருகிறார்கள். பெஞ்சு கிடையாது, கோரைப்பாய்தான். பிள்ளை தனக்குப் பிடித்த தட்டை அலமாரியிலிருந்து எடுத்து, பாயை விரித்து, வேலை முடிந்ததும் இருந்த இடத்திலேயே வைக்க வேண்டும். பயறு அள்ளுவது, ஜக்கிலிருந்து கிளாஸுக்குத் தண்ணீர் ஊற்றுவது, உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தை விரலால் தடவுவது. கிளாஸ் நிஜமான கண்ணாடி கிளாஸ். அதைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் சிமெண்டுத் தரையில் நடக்கும்போதெல்லாம் என் நெஞ்சு அடித்துக்கொள்ளும். வீட்டுப்பாடம் இல்லை, ரேங்க் இல்லை. பென்சில் பிடிக்க விரல் தயாரான பிறகுதான் எழுத்து. இந்தக் கடைசி விஷயத்தில்தான் எல்லா வீட்டிலும் சண்டை வரும்.

நான் சேர்த்துவிட்ட பிள்ளை

எங்கள் தெரு சபீனாவின் மகள் அஸ்மாவை நான்தான் சொல்லிச் சேர்த்தேன். சபீனாவின் மாப்பிள்ளை ஜமால் ரியாத்தில் கடையில் வேலை பார்க்கிறார். மகள் பிறந்த வருஷம் வந்து பார்த்துவிட்டுப் போனவர். அதற்கப்புறம் வாப்பா என்றால் அஸ்மாவுக்குப் போனில் தெரிகிற முகம்தான்.

தினமும் வீடியோ காலில் அவர் கேட்பது ஒரே கேள்வி. "இன்னிக்கு என்ன எழுதுனே?"

பிள்ளை முழிக்கும். தண்ணீர் ஊற்றினாள், பாய் மடித்தாள் என்று சபீனா சொல்லுவாள். அந்தப் பக்கம் கோபம் ஏறும். "வீட்டு வேல பாக்கவா பள்ளிக்கூடம் அனுப்புதோம்? சித்தி மவன் ஏ டு இசட் எழுதுதான், தெரியுமா?"

போனை வைத்ததும் சபீனாவின் பயம் பிள்ளை மேல் பாயும். சிலேட்டைக் கையில் திணித்து, "எழுதுட்டி. எழுதலைன்னா வாப்பாகிட்ட சொல்லிருவேன். வந்து தோல உரிச்சிருவாரு." சோறு தின்னாவிட்டாலும் வாப்பா, தூங்காவிட்டாலும் வாப்பா. வளைகுடாவில் ஆள் இருக்கிற வீடுகளில் இது சகஜம். அடிக்கிற கை ஊரில் இல்லை, அதனால் பேரை வைத்தே மிரட்டுவோம். எங்கள் வீட்டிலும் கேட்டதுதான். யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை.

சாரல் சீசனில் ஜமால் லீவில் வந்தார். பிள்ளை கட்டிலுக்கடியில் போய் ஒளிந்தது. மிட்டாய், பொம்மை எதற்கும் வெளியே வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஐந்தருவிக்குப் போனார்கள். திரும்பி வந்ததும் சபீனா என் வீட்டுக்கு ஓடிவந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"லாத்தா, ஆம்பளைங்க பக்கம் குளிப்பாட்டக் கூட்டிட்டுப் போறேன்னு அவங்க தூக்குனாங்க. இவ 'அடிக்காதீங்க, அடிக்காதீங்க'ன்னு கத்துதா. கூட்டமே திரும்பிப் பாக்குது. ஒரு ஆளு வந்து, 'ஏலே, யாரு பிள்ளைய தூக்கிட்டுப் போற?'ன்னு அவங்க கையப் புடிச்சிட்டான்."

அவளை உள்ளே இழுத்து உட்காரவைத்தேன்.

"நாளைக்கு டி.சி. வாங்க வாராங்க லாத்தா. 'எழுத்தும் வரல, பெத்த வாப்பாவையும் தெரியல, என்ன பள்ளிக்கூடம் அது'ங்காங்க. பஜார் பக்கம் இங்கிலீஷ் ஸ்கூல்ல பேசிட்டாங்க. அங்கன எழுதலன்னா ஸ்கேலால அடிப்பாங்களாம். இவ தாங்குவாளா?"

விடியற்காலை பஜ்ர் தொழுகையில் அழுது துஆ கேட்டேன். நான் சேர்த்துவிட்ட பிள்ளை. அடிக்குப் பயந்த பிள்ளையை அடிக்கிற இடத்துக்கே அனுப்பும்படி ஆகிவிடக்கூடாது, யா அல்லாஹ்.

வாசலோர ஸ்டூல்

ஜமால் வந்தபோது தூறிக்கொண்டிருந்தது. ஹெச்.எம். சார் பேச்சுக்கு இழுக்கவில்லை.

"டி.சி. தாரேன் தம்பி. உங்க பிள்ளை, உங்க இஷ்டம். ஆனா எந்த வாப்பா வந்தாலும் முதல்ல கிளாஸ்ல கொஞ்ச நேரம் உக்காந்து பாக்கணும். பிள்ளையக் கூப்பிடக் கூடாது, பேசக் கூடாது."

வாசலோரம் ஒரு குட்டி ஸ்டூல் உண்டு. அத்தனை பெரிய மனுஷர் முழங்கால் நெஞ்சில் இடிக்க அதில் உட்கார்ந்தார். முகம் கடுகடுவென்றிருந்தது.

அஸ்மா ஜக்குத் தட்டோடு பாயில் இருந்தாள். தலையைத் தூக்கியவள் அவரைப் பார்த்துவிட்டாள். ஜக்கு சாய்ந்து தண்ணீர் தரையெல்லாம் கொட்டியது. கிளாஸ் உருண்டது. நல்லவேளை, உடையவில்லை.

ஜமால் எழுந்தார். அஸ்மா இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாள். நானும் பாய்ந்திருப்பேன். செல்வி டீச்சர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, உட்காருங்கள், நில்லுங்கள் என்று கையை மட்டும் காட்டினார். ஜமால் பிள்ளையின் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் மெல்ல உட்கார்ந்து, தன் கையைக் கட்டிக்கொண்டார்.

மற்ற பிள்ளைகள் அதது பாட்டுக்கு வேலையைப் பார்த்தன. எனக்கு உள்ளுக்குள் நபி மேல் சொல்லும் சலவாத் ஓடிக்கொண்டே இருந்தது.

வெகு நேரம் கழித்து அஸ்மா கையை இறக்கினாள். அடி விழவில்லையே என்று பார்த்தாள். எழுந்து போய்த் துணியை எடுத்துவந்தாள். தரையைத் துடைத்தாள், பிழிந்தாள், மறுபடி துடைத்தாள். துணியைக் கொடியில் போட்டாள். கிளாஸை அலசிவிட்டுப் புதிதாகத் தண்ணீர் ஊற்றினாள்.

எங்கள் வகுப்பில் ஒரு பழக்கம் உண்டு. விருந்தாளி வந்தால், தண்ணீர்த் தட்டு யாரிடம் இருக்கிறதோ அந்தப் பிள்ளைதான் ஒரு கிளாஸ் கொண்டுபோய்க் கொடுக்கும். அஸ்மா கிளாஸை இரண்டு கையால் பிடித்துக்கொண்டு நடந்தாள். பாதியில் நின்றாள். திரும்பி டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் வேறு பிள்ளையிடம் குனிந்திருந்தார். மறுபடி நடந்தாள்.

ஜமால் வலது கையால் வாங்கினார். பிஸ்மில்லாஹ் என்றார். பாதி குடித்ததும் நிறுத்திவிட்டு மகளையே பார்த்தார்.

அஸ்மா நகரவில்லை. கிளாஸைத் திரும்ப வாங்கி வைத்தால்தான் வேலை முடியும்.

"மிச்சம் வைக்கக் கூடாது வாப்பா," என்றாள்.

அருவியில் கத்தியதைத் தவிர, ஊருக்கு வந்ததிலிருந்து மகள் அவரிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். ஜமால் முழுவதும் குடித்து, கிளாஸைக் கொடுத்துவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

வெளியே வந்தவரிடம் ஹெச்.எம். சார், "டி.சி. எழுதச் சொல்லட்டுமா?" என்றார்.

ஜமால் பேனா வைத்திருந்த சட்டைப்பையைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தார். "நாளைக்கும் வந்து உக்காரலாமா சார்?"

லீவு முடிகிறவரை அந்த ஸ்டூலுக்கு வந்தார்.

தாய்மாருக்கு

அஸ்மாவுக்கு எழுத்து இன்னும் சரியாக வரவில்லை. பொய் சொல்ல மாட்டேன். உப்புத்தாளில் 'அ'வைத் தடவுகிறாள், மணலில் போடுகிறாள், பென்சிலில் கோணுகிறது. ஒன்றாம் வகுப்புக்குப் போகும்போது என்ன ஆகுமோ என்று எனக்கும் கவலை உண்டு. ஒவ்வொரு தொழுகையிலும் அவள் பேரைச் சொல்லுகிறேன்.

இந்த மாதிரி வகுப்பில் பிள்ளையைச் சேர்க்கிறவர்கள் முதலில் ஒரு நாள் வந்து ஸ்டூலில் உட்காருங்கள். பிறகு வீட்டிலும் கொஞ்சம் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். கொட்டினால் துடைக்கத் துணியைக் காட்டுங்கள், போதும். ஊரில் இல்லாத மனுஷரின் பேரைப் பிரம்பாக்காதீர்கள். சம்பாதிக்கப் போனவர் திரும்பி வரும்போது ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ள அந்தப் பிள்ளை வேண்டாமா?

பழகிய வாய் லேசில் மாறாது. போன வாரம் சபீனா வீட்டு வாசலைத் தாண்டும்போது கேட்டது. பிள்ளை சோற்றைச் சிந்திவிட்டது போலிருக்கிறது.

"இரு, இரு. வாப்பாகிட்ட சொல்லுதேன்."

"சொல்லு," என்றாள் அஸ்மா. "நான் தொடச்சிட்டேன்னும் சொல்லு."