விரத நாளில் ஏரோபிக்ஸ்

எனக்கு இனிப்புநீர், காலையில் இன்சுலின் ஊசி போடுகிறேன். பக்கத்து வீட்டு லெட்சுமி கூப்பிட்டதால் திடலுக்கு ஏரோபிக்ஸ் ஆடப் போகத் தொடங்கினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை விரதம். வழக்கம்போல ஊசியைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு ஆடினேன். கை நடுங்கியது, சட்டை நனைந்தது. நாலு பேர் பார்ப்பார்களே என்ற கூச்சத்தில் நிறுத்தாமல் ஆடினேன். கண் இருட்டிக்கொண்டு வந்ததும்தான் லெட்சுமியைப் பிடித்தேன்.

“ஐயோ, கை ஐசா இருக்கேக்கா! வாயத் தொறந்து சொன்னா முத்தா உதிர்ந்துரும்?” என்று திட்டிக்கொண்டே இனிப்புச் சிராப் தண்ணீர் குடிக்க வைத்தாள்.

மறுநாள் கிளினிக்குப் போனேன். அங்கே நர்ஸ் மிஸ்ஸி சொன்னார்: “ஆடுறதால ஒடம்பு இன்சுலின நல்லா எடுத்துக்குது ஆன்ட்டி. நல்லதுதான் லா. ஆனா அதே ஊசிய போட்டுட்டுச் சாப்பிடாம ஆடுனா சீனி ரொம்ப எறங்கிரும்.” டாக்டர் ஊசி அளவைக் குறைத்தார்.

இப்போது சாப்பிட்டுவிட்டுத்தான் ஆடுகிறேன். ஆனாலும் பயம் அடங்கவில்லை. அடிக்கடி கையைப் பார்த்துக்கொள்கிறேன். லேசாக நடுங்கினாலும், முன்வரிசையே திரும்பிப் பார்க்கும்படி லெட்சுமியைக் கூப்பிடுகிறேன்.