தூசி துடைக்கிற ஸ்கேனர்

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, மீன் முள்ளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, "பாப்பா, உங்கம்மா மொகம் எனக்கு வர மாட்டேங்குது" என்றார் நைனா. அம்மா இறந்துபோனபோது எனக்கு இரண்டு வயது. எனக்கு ஞாபகம் இல்லாதது நியாயம். அந்த முகத்தை மனதில் வைத்திருந்த ஒரே ஆள் நைனாதான். சுவரில் மாட்டியிருந்த படங்களையெல்லாம், சுனாமியன்று வீட்டுக்குள் வந்த கடல் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியது, திருப்போரூர் அத்தை வீட்டுப் பரணில் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடந்த நெகட்டிவ் துண்டு ஒன்றுதான்.

அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது எனக்கு ஒரு பைத்தியமாகவே ஆகிவிட்டது. கறுப்பு வெள்ளை பிலிம். வானம் கறுப்பு, மணல் கறுப்பு, நடுவில் படகில் சாய்ந்துகொண்டு அம்மா. முப்பதைத் தொடாத அம்மாவுக்குத் தலை முழுக்க வெள்ளை. சிரிக்கிற பல் கறுப்பு. மத்தியான வெயிலில் பார்த்துக்கொண்டே இருந்தால், நான்தான் பிலிமுக்கு அந்தப் பக்கம் நிற்கிறேனோ என்று தோன்றும். அலைச்சத்தம் எந்தக் கரையிலிருந்து வருகிறது என்றுகூடக் குழம்பிப்போகும்.

கடையில் கொடுத்தால் படம் போட்டுத் தருவார்கள். கையை விட்டு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. ஸ்கேனர் வாங்கிவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

நாவலூர் ஆபீசில் என் பக்கத்து சீட்டுக்காரன் எதற்கும் ஒரு கருத்து வைத்திருப்பான். "போன்லயே எட்த்துடு, இதுக்கு எதுக்கு பேஜாரு?" என்றான். எடுத்துப் பார்த்தேன். அம்மாவின் நெற்றிக்குக் குறுக்கே ஜன்னல் கம்பி விழுந்தது. சின்ன டப்பா மாதிரி ஒரு மெஷின் உண்டு, பிலிமைச் சொருகினால் உடனே படம் வந்துவிடும். பெரிதாக்கினால் முகம் கலைந்த கோலம்போல ஆகிவிடுமாம். கடைசியில், மூடியிலும் விளக்கு வைத்த, மேசையை அடைத்துக்கொள்கிற பெரிய ஸ்கேனரைத் தேர்ந்தெடுத்தேன். காரணம் ஒன்றே ஒன்று. படத்தில் இருக்கிற தூசியை அதுவே கண்டுபிடித்து அழித்துவிடும் என்று போட்டிருந்தது. மாமல்லபுரத்தில் எங்கள் பக்கத்து மனை சிற்பக்கூடம். கல்தூசி எங்கள் குடத்துத் தண்ணீரில்கூட மிதக்கும். தூசியைப் பற்றி எங்களைவிட யாருக்குத் தெரியும் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம் வேறு.

ஞாயிற்றுக்கிழமை உளிச்சத்தம் ஓய்ந்திருக்கும். அந்த மத்தியானம் கண்ணாடியைத் துடைத்து, பிலிமை வைத்து, தூசி நீக்குவதை உச்சத்தில் வைத்தேன். வெளிச்சக் கோடு தூக்கத்தில் நடப்பதுபோல மெதுவாக நகர்ந்தது. திரையில் அம்மா வந்தாள். கருகருவென்று தலைமுடி, வெளுத்த மணல், ஒரு பொட்டு அழுக்கில்லாத முகம். நைனாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

வெகு நேரம் பார்த்தார். "நல்லாத்தான் கீறா" என்றார். அப்புறம் மெதுவாக, "யாரு இது?" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னா நைனா, அம்மா தான்!" என்று கத்திவிட்டேன். அவர் கண் கலங்கிப்போனது. "நீ சொன்னா சரி பாப்பா. எனக்கு இன்னும் வரல" என்று எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

நெகட்டிவை எடுத்து மறுபடியும் ஜன்னலில் பிடித்தேன். அம்மாவின் மூக்கோரத்தில் ஊசிமுனையளவு ஒரு கறுப்புப் புள்ளி. திரையில் அந்த இடம் வழவழவென்று இருந்தது. ஒற்றைக்கல் மூக்குத்தி. அன்றைக்கு வெயில் பட்டு மின்னியிருக்கிறது. மெஷின் அதையும் தூசி என்று நினைத்துத் துடைத்துவிட்டது. துடைக்கச் சொன்னவள் நான்தான்.

அந்த வசதியை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். இந்த முறை அம்மா கீறலும் வெள்ளைப் புள்ளிகளுமாக, மூக்குத்தியோடு வந்தாள். வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தேன். வேண்டாவெறுப்பாக வந்த நைனா உட்காரவில்லை. நின்றபடியே திரைக்குக் குனிந்தார்.

"இன்னாமே" என்றார்.

நைனா யாரையும் 'மே' போட்டுக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அது அம்மாவுக்கென்று இருந்த சொல் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. "இத்தினி நாளு எங்கமே இருந்த?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தார்.